ஓர நிரை

எங்கள் கல்லூரியில் பாலியல் தொந்தரவு என்ற ஒன்று பதினைந்து வருடமாக நடக்கவே இல்லை. இதை நான் சொல்லவில்லை, கூட்ட அறிக்கைகள் சொல்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்தவளே நான்தான் என்பதால் அடித்துச் சொல்வேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை "பாலியல் தொந்தரவு தடுப்பு மற்றும் நல்லொழுக்க மேம்பாட்டுக் குழு" கூடும். வரவேற்புரை. சென்ற கூட்ட அறிக்கையை ஏற்றல். கிடைத்த முறைப்பாடுகள்: இல்லை. நன்றியுரை. தேநீரும் மீன் ரோல்ஸும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்து நான் திகதியை மட்டும் மாற்றி அச்செடுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு தடவை திகதியை மாற்றவும் மறந்துபோனேன். அதையும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

கல்லூரியின் பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவில் மேலே ஏறினால் வரும். பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் பனிமூட்டம் வந்து மைதானத்தை மறைத்துவிடும். ஹோட்டல் முகாமைத்துவம், கணக்கியல், கணினி என்று டிப்ளோமா வகுப்புகள். படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். என் பெயர் றஷீதா, காரியாலய எழுதுவினைஞர், பண்டாரவளை ஆள். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, பெண்கள் விடுதியின் மேட்ரன் இராக்கம்மாக்காவைப் பற்றி.

அதற்கு முன் முறைப்பாட்டுப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை விரிவுரையாளர் ஓய்வறைக்கு வெளியே, கூரை ஓரத்தில் மாட்டியிருந்தார்கள். கடிதம் போட வரும் பிள்ளையை உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் ஆற அமரப் பார்க்கலாம். அப்படியும் யாராவது துணிந்து வந்துவிடுவார்களோ என்று பயந்தோ என்னவோ, மூன்றாம் வருடம் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குளவி விளையாட்டுக் காரியமல்ல. கொழுந்து பறிக்கும்போது கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாமார் அவர்கள் வீட்டிலேயே உண்டு. ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. குளவியை அகற்றுவது பற்றிக் குழு நான்கு கூட்டங்களில் ஆராய்ந்தது. பெட்டிச் சாவி தொலைந்துவிட்டதால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

குழுவின் செயலாளர் கிருஷ்ணராஜ் சேர். ஹோட்டல் முகாமைத்துவத் துறையின் தலைவரும் அவரே. நெற்றியில் திருநீறு, பித்தான் போட்ட நீளக்கைச் சட்டை. முதலாம் வருடப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து "பெண்ணைத் தாயாகப் போற்றுவோம்" என்று இரண்டு மணித்தியாலம் பேசுவார். பெண்கள் கடைப்பிடிக்க வேண்டிய பத்து விதிகளை எழுதித் தாழ்வாரத்தில் ஒட்டியவரும் அவர்தான். ஆண்களுக்கு எத்தனை விதி என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, சுவரில் இடம் போதவில்லை என்றார்.

இறுதி வருடத்தில் பிள்ளைகள் ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். அதற்கான கடிதத்தில் இவர் கையெழுத்து வேண்டும், அதற்கு ஏழாம் இலக்க அறைக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைகளுக்குக் கடிதத்தை ஜன்னல் வழியாகவே நீட்டிவிடுவார். பெண் பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார வேண்டும். கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிறது என்று எழுந்து போய்ச் சாத்துவார்.

இது எனக்குத் தெரியும். கன்டீன்காரருக்குத் தெரியும், அதிபருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் கடதாசியில் எழுதவில்லை, எழுதாததை நான் தட்டச்சு செய்யவில்லை.

இராக்கம்மாக்காவுக்கும் தெரியும். அவர் மட்டும் அதற்கு ஏதோ செய்தார்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். ஐந்தாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடம். பதினாறு வயதில் பெரட்டுக்குப் போகத் தொடங்கினார். விடிந்தும் விடியாமலும் ஆட்களை ஓரிடத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தார். கணவர் முருகையா இறந்த பிறகு எங்கள் விடுதியில் கூட்டிப் பெருக்க வந்தார். அதே வருடம் அப்போதிருந்த மேட்ரன் ஒரு கலியாண வீட்டுக்கு லீவு போட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை, இவர் மேட்ரனாகிவிட்டார். கறுப்புக் கார்டிகன், ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம், கமக்கட்டில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. மலையில் கூப்பிட்டுப் பழகிய குரல். விடுதி வாசலில் நின்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் கன்டீனில் தேநீர் ஊற்றுகிறவர் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிடுவார்.

ஒரு நாள் காரியாலயத்தில் தேநீர் குடித்தபடி எனக்கு நிரை பற்றிச் சொன்னார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசை வரிசையாக இடைவெளி இருக்கும். ஆளுக்கொரு வரிசை, அதுதான் நிரை. நிரையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியபடியே பறிக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஓரத்துப் பாதையில் நடந்து வருவார்.

"எங்க கங்காணிக்குக் கை சும்மா இருக்காதுங்க மிஸ்," என்றார். "கூடய சரி பண்றேன்னு வருவாரு. இடுப்புல கட்டுன படங்குச் சாக்க சரி பண்றேன்னு வருவாரு. அதுனால பொம்பளைங்க நாங்களே ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். சின்னப் புள்ளைங்க எல்லாம் நடு நிரை. ஓர நிரையில வாய்க்காரிங்க. எங்க சின்னம்மா ஓர நிரையில நின்னா அந்தாளு எட்டிப் பாக்க மாட்டாரு. அந்த ஏச்சு ஏசும்."

"தோட்டத்துத் துரைக்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா மறுநா பெரட்டுல பேரு கூப்பிடணும்ல? கூப்பிடுறதும் அதே ஆளு தான?" என்று சிரித்தார். "அவரு ரிட்டயர் ஆனப்ப மால போட்டு அனுப்பி வச்சோம். மாலைக்குப் பூப்பறிச்சதே நாந்தான்."

"ஓர நிரைக்கு ஆள் வராத நாள்ல என்ன செய்வீங்க?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

இராக்கம்மாக்கா கோப்பையைக் கழுவி வைக்க எழுந்தார். "வராத நாளும் இருக்கும்," என்றவர், விடுதித் தண்ணீர்த் தொட்டி வழியும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஏற்பாட்டைத்தான் அவர் விடுதிக்கும் கொண்டுவந்தார். விடுதிப் பிள்ளை எங்கே போனாலும் கொப்பியில் பதிந்துவிட்டுப் போக வேண்டும்: பெயர், போகும் இடம், போன நேரம், வந்த நேரம். அவ்வளவுதான் கல்லூரி விதி. இராக்கம்மாக்கா சிவப்புப் பேனையால் கோடிழுத்து ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்தார். அதற்குத் தலைப்பு "கூட யாரு". நூலகத்துக்குப் போனால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு. கணினி அறைக்குப் போனாலும் கோடுதான். ஏழாம் அறைக்கு என்றால் அங்கே கட்டாயம் ஒரு பெயர் இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்ததும் ஓர நிரைக்கு ஆள் எடுப்பார். விடுதி வாசலில் நின்று கன்டீனுக்குக் கேட்கிற மாதிரி "தேத்தண்ணி!" என்று கத்த வேண்டும், அதுதான் பரீட்சை. தேறியவர்கள் மற்றப் பிள்ளைகளுக்குத் துணையாக ஏழாம் அறைக்குப் போவார்கள். போனால் சும்மா உட்காரக் கூடாது. ஒருத்தி இடைவிடாமல் இருமுவாள். ஒருத்தி பாடத்தில் சந்தேகம் கேட்பாள், சேர் களைத்துப்போய்க் கையெழுத்துப் போடும் வரை. சிவசக்தி என்று ஒரு பிள்ளை மிக்சர் பக்கற்றோடு போய் அவர் முகத்துக்கு நேரே கறுமுறு என்று மென்றுகொண்டிருப்பாள். அவள் படித்த காலத்தில் கடிதங்கள் ஐந்தே நிமிடத்தில் கிடைத்தன.

எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். "குளவிக் கூடு இருக்குன்னு தெரிஞ்சா அந்தச் செடிய விட்டுட்டுப் பறிக்கணும் மிஸ்," என்பார் இராக்கம்மாக்கா. கூட்டுக்கு யார் நெருப்பு வைப்பது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் நிர்வாக சபையில் யாருக்கோ ஒரு யோசனை பிறந்தது. முறைப்பாடே வராத கல்லூரிக்குப் "பாதுகாப்பான வளாகம்" என்று சான்றிதழ் கொடுப்பது. சபையின் கீழ் இருந்த ஐந்து கல்லூரிகளில் எங்களுக்கு முதலிடம். ஒரு கல்லூரியில் முறைப்பாடு வந்து, அதை விசாரித்து, ஆளையும் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அதற்குக் கடைசி இடம். எங்கள் வெற்றியில் பெரும் பங்கு விடுதிக்கு என்பதால் இராக்கம்மாக்காவுக்கு "முன்மாதிரி மேட்ரன்" என்று கேடயமும் உண்டு.

விழா பதுளையில். வரவேற்புப் பாடல் பாட எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நல்ல சத்தமாகப் பாடக்கூடியவர்களாகப் பார்த்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர் கிருஷ்ணராஜ் சேர். பட்டியலில் இருந்த எட்டுப் பேரும் இராக்கம்மாக்காவின் ஓர நிரைக்காரிகள். அதைக் கவனித்தாரா என்று பிறகு இராக்கம்மாக்காவிடம் கேட்டேன். "கவனிச்சேன் மிஸ். பெருமையா இருந்துச்சு," என்றார்.

காலையிலேயே வேனில் புறப்பட்டோம். அதிபர் ஜெயகுமார், நான், இராக்கம்மாக்கா, எட்டுப் பாடகிகள். கிருஷ்ணராஜ் சேர் வரவில்லை, கையெழுத்துப் போட வேண்டிய கடிதங்கள் மேசையில் குவிந்திருக்கின்றனவாம். கொப்பியை ஒரு முதலாம் வருடப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தார் இராக்கம்மாக்கா. மேடையில் கேடயத்தை வாங்கும்போது அவர் கண் கலங்கியது. நான் படம் எடுத்தேன். படத்தின் நேரம் மூன்று நாற்பத்திரண்டு.

கொப்பியில் அன்றைய பதிவு இப்படி: யசோதினி. ஏழாம் அறை. மூன்று நாற்பது.

யசோதினி இறுதி வருடம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல், "தேத்தண்ணி" பரீட்சையில் எடுத்த எடுப்பிலேயே தோற்றவள். கடிதம் தயார், உடனே வரட்டும் என்று ஏழாம் அறையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தை வாங்கப் போன கையை அவர் விடவில்லை. கதவு சாத்தியிருந்தது. அதன் பிறகு அவர் செய்ததை அவள் தன் முறைப்பாட்டில் எழுதியிருக்கிறாள். அது அவள் சொல்ல வேண்டியது, நான் இங்கே சொல்ல மாட்டேன். அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, ஒரு செருப்பையும் கடிதத்தையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ஆறு மணி. அவள் விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இராக்கம்மாக்காவின் கமக்கட்டில், கொப்பி இருக்கும் இடத்தில் கேடயம்.

"என்ன புள்ள, செருப்பு எங்க?"

சொன்னாள். அழாமல், நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னாள். இராக்கம்மாக்கா கேடயத்தைப் படியில் வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ தனியா போகாத சாமி. நாளையிலருந்து ஒங்கூட ரெண்டு பேர அனுப்புறேன்," என்றார்.

யசோதினி கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா, அந்தாளு இப்படின்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நான் வந்த வருசத்துலருந்து."

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

இராக்கம்மாக்கா வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வராததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். யசோதினி என்னையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கையிலிருந்த சான்றிதழை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் அதே வெட்கம்தான்.

மறுநாள் காலையில் அவள் முறைப்பாடு செய்யக் காரியாலயத்துக்கு வந்தாள். பதினைந்து வருடத்தில் யாரும் கேட்காத படிவம் என்பதால் தேடி எடுக்கவே ஒரு மணித்தியாலம் ஆனது. மூன்று பிரதிகள். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. கடைசியில் "துறைத் தலைவரின் பரிந்துரை". அவளுடைய துறைத் தலைவர் கிருஷ்ணராஜ் சேர். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அந்த வரியைக் கோடடித்துவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த முதல் விதி மீறல் அது.

அதிபர் ஜெயகுமார் கெட்டவர் அல்ல. சத்தம் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பின்னேரமே தீர்வோடு வந்தார். முறைப்பாடு பொய் என்று விசாரணையில் தெரிந்தால் பிள்ளையைக் கல்லூரியிலிருந்து நீக்க விதி இருக்கிறது. பொய் என்று காட்ட ஒரே ஒரு கடிதம் போதும். அதை என்னிடம் தட்டச்சு செய்யச் சொன்னார்: "எனது பதினைந்து வருட சேவைக் காலத்தில் திரு. கிருஷ்ணராஜ் அவர்களுக்கு எதிராக எந்தவொரு முறைப்பாடும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்படிக்கு, இராக்கம்மா, மேட்ரன்."

"இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கா?" என்று இராக்கம்மாக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இல்லைங்க சேர்."

"பிறகென்ன? கையெழுத்துப் போடுங்க. நாலு மாதத்தில் உங்களுக்கு அறுபது. இரண்டு வருடம் நீடிப்புக்கு நானே சிபாரிசு பண்றேன்."

நீடிப்பு இல்லாவிட்டால் இராக்கம்மாக்காவுக்குப் போக இடமில்லை. தோட்டத்து லயத்தில் அவர் பெயரில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது கணவரின் தம்பி குடும்பம் இருக்கிறது. விடுதியின் அந்தச் சின்ன அறைதான் வீடு. அவர் கடிதத்தை வாங்கி இரண்டாக மடித்து, யோசித்துக் கொண்டுவருகிறேன் என்று போய்விட்டார். அவர் கையெழுத்துப் போடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

அந்த வாரம் யசோதினி சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்தாள். இராக்கம்மாக்கா பக்கத்தில் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை, அதிபரின் அறையில். சுவரில் புதுச் சான்றிதழ் தொங்கியது. குழுச் செயலாளரே எதிராளி என்பதால் நடுநிலைமை கருதி, கிருஷ்ணராஜ் சேர் தன் நாற்காலியை மேசையின் தலைப்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொண்டார். விதிப்படி வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். பதினைந்து வருடமாகப் பெயரளவில் இருந்து, ஒரு ரோல்ஸ்கூடச் சாப்பிட்டிராத வக்கீல் விஜயலெட்சுமி அன்றுதான் முதல் தடவையாகப் பண்டாரவளையிலிருந்து வந்தார். நான் அறிக்கை எழுத மூலையில் உட்கார்ந்தேன். சுவரோர வாங்கில் யசோதினி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கிருஷ்ணராஜ் சேர் பேசினார். "நான் பெண் பிள்ளைகளைத் தெய்வமாக நினைக்கிறவன். என் அறைக்கு எந்தப் பெண் பிள்ளையும் இன்றுவரை தனியாக வந்ததே இல்லை. எப்போதும் துணையோடுதான் வருவார்கள். அப்படி ஒரு கண்ணியத்தைக் கட்டிக் காத்திருக்கிறேன். வேண்டுமென்றால் மேட்ரனைக் கேளுங்கள்."

மேட்ரன் வந்தார். கொழுந்துச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குள்ளிருந்து பதினைந்து சீ.ஆர். கொப்பிகளையும் எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். ரோல்ஸ் தட்டை நகர்த்த வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடாத கடிதத்தை அதன் மேல் வைத்தார்.

"கடுதாசியில இருக்கிறது உண்ம தாங்க," என்றார். "முறைப்பாடு வரல. வர விடாமப் பாத்துக்கிட்டதே நாந்தான். சேரு சொன்னதும் உண்ம. புள்ளைங்க தனியா போனதில்ல. நாந்தான் விடல. ஏன் விடலன்னு யாராவது கேளுங்க."

வக்கீலம்மா மட்டும் கேட்டார். "ஏன் விடல?"

"அந்தாளு கைய வைப்பாருன்னு தெரியும். அதுனால."

வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கொப்பியைத் திறந்தார். பிறகு இன்னொன்று. நூலகம்: கோடு. அதிபர் அறை: கோடு. எட்டாம் அறை, ஒன்பதாம் அறை: கோடு. ஏழாம் அறை: ஒரு பெயர். அடுத்த பக்கம், அடுத்த வருடம், அடுத்த கொப்பி, ஏழாம் அறைக்கு மட்டும் எப்போதும் ஒரு பெயர். பதினைந்தாம் கொப்பியில் ஓரிடத்தில் விரல் நின்றது. விழா நாள். ஏழாம் அறை. மூன்று நாற்பது. முதலாம் வருடப் பிள்ளைக்கு வழக்கம் தெரியாது, ஆகவே சிவப்புக் கோட்டுக்கு அப்பால் வெறுமையாக விட்டிருந்தாள்.

"இது ஒரு படிக்காத மனுசியின் கற்பனை," என்றார் கிருஷ்ணராஜ் சேர்.

"வேற யாருக்கும் இது தெரியுமா?" என்று வக்கீலம்மா சுற்றிவரப் பார்த்தார். அதிபர் சான்றிதழைப் பார்த்தார். என் பேனை நின்றது. கூட்டத்தில் பேச எனக்கு உரிமை இல்லை, எழுத மட்டும்தான். "எனக்குத் தெரியும்," என்றேன்.

அதிபருக்குக் கோபம் இராக்கம்மாக்கா மீதுதான் வந்தது. "தெரிஞ்சும் பதினைந்து வருடம் மறைச்சீங்களா? அப்ப நீங்களும் குற்றவாளிதானே?"

"ஆமாங்க. எம் பேரயும் எழுதிக்கிடச் சொல்லுங்க," என்றார் இராக்கம்மாக்கா. பிறகு வாங்குப் பக்கம் திரும்பினார். "புள்ள, அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. இப்பவும் சரியாத் தெரியல. நல்லது செய்றோம்னு நெனச்சேன். நடு நிரையில நிக்கிற புள்ள தப்பிச்சா போதும்னு நெனச்சேன். அந்தாளு பாதையில நடந்துக்கிட்டே தான இருந்தாரு. என்ன மன்னிக்கச் சொல்லல. நீ சொல்றது உண்மன்னு சொல்லத்தான் வந்தேன்."

நான் எல்லாவற்றையும் எழுதினேன், சொன்னது சொன்னபடி. திகதியையும் சரியாகப் போட்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வக்கீலம்மா கொப்பிகளைப் படம் எடுத்துக்கொண்டார். யசோதினி நீக்கப்படவில்லை, அவளுடைய பயிற்சிக் கடிதத்தில் அதிபரே கையெழுத்துப் போட்டார். கிருஷ்ணராஜ் சேரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று கடிதத்தில் எழுதச் சொன்னார்கள். நான் "முறைப்பாட்டின் காரணமாக" என்று தட்டச்சு செய்தேன், யாரும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பொலிஸ் விசாரணை இன்னும் நடக்கிறது. சான்றிதழைக் கழற்றிய இடத்தில் அதிபர் ஒரு கலண்டர் மாட்டியிருக்கிறார். இராக்கம்மாக்காவுக்கு நீடிப்புக் கிடைக்கவில்லை. இப்போது பெரகலையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்திருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்த பிறகு நடந்தது. யசோதினியைப் பொலிஸுக்குக் கூட்டிப்போக வக்கீலம்மா காரை எடுக்கப் போயிருந்தார். யசோதினி காரியாலயத்தில் காத்திருந்தாள். நான் முறைப்பாட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, இலக்கம் ஒன்று என்று எழுதி அவள் பெயரைப் பதிந்தேன். இராக்கம்மாக்கா உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு படிவம் குடுங்க மிஸ்."

"என்ன முறைப்பாடு அக்கா?"

"நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

படிவத்தில் இருந்தபடி கேட்டேன். "பெயர்?"

"இராக்கம்மா."

"சம்பவம் நடந்த இடம்?"

"ஓர நிரை."

என் பேனை நின்றது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"திகதி?"

"திகதி ஞாபகமில்ல. சின்னம்மா காய்ச்சல்ல படுத்த நாளு. ஓர நிரைக்கு ஆளில்லன்னு என்ன நிப்பாட்டுனாங்க. நாப்பத்திரண்டு வருசம் இருக்கும்."

"அக்கா," என்றேன். "அந்தக் கங்காணி இப்ப உயிரோட இருக்காரா?"

"செத்து ரொம்ப வருசமாச்சு. இந்தக் கல்லூரியில நடந்ததும் இல்ல. எல்லாம் தெரியும் மிஸ். நம்பர மட்டும் போடுங்க."

விதிப்படி முடியாது. இலக்கம் இரண்டு என்று எழுதினேன்.

யசோதினி எழுந்து வந்தாள். "அக்கா, அப்ப ஒங்களுக்கு என்ன வயசு?"

"பதினேழு."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"இப்ப தான் புள்ள சொல்றேன்."

யசோதினி என் மேசையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். பதிவேட்டில் இலக்கம் இரண்டுக்கு நேரே, ஓரத்தில், அடிமட்டம் இல்லாமல் கோணலாக ஒரு கோடிழுத்தாள். அதற்கு அப்பால் "கூட யாரு" என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதினாள். வெளியே வக்கீலம்மா ஹோர்ன் அடித்தார். இருவரும் ஒன்றாகப் போய்க் காரில் ஏறினார்கள்.